ஒரே அங்கி, இரண்டு ராஜா

1. இரண்டு பெட்டி

பஸ் கூரையில் இரண்டு பெட்டிக்கு மேல் ஏற்ற முடியாது என்று டிரைவர் சொன்ன அன்றைக்கே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ், மேடு ஏறவே மூச்சு வாங்கும். எங்கள் நாடகக் கம்பெனியின் உடுப்புகள் மட்டுமே ஒரு மாட்டுவண்டி பாரம் இருந்தன. அவற்றுக்கு நான்தான் பொறுப்பு.

முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். எனக்கு அதுதான் பயம்.

"ஏப்பா, எல்லாத்தையும் ரண்டு பொட்டியில அடக்கோணும். மிச்சத்தை வித்துப்போடு."

"எப்படிங்க அடங்கும்?"

"அடங்கறதை எடு. ஆனா மேடையில உடுப்புக் கொறைன்னு எவனாச்சும் சிரிச்சான்னு வெய்யி, நீ உன்ற ஊட்டுக்குப் போயரலாம்."

வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

எல்லாவற்றையும் பாயில் கொட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து, இது இல்லாவிட்டால் எந்த வேஷம் கெடும் என்று யோசித்தேன். பச்சைப் பட்டுச் சேலை ஒன்று போதும். முந்தானையைச் செருகினால் தோழி, விரித்துவிட்டால் ராணி. மந்திரிக்குச் சால்வை போதும். பபூனுக்கு எது கிழிந்ததோ அதுவே உடுப்பு. ராஜா உடுப்பில் ஜரிகை வைத்த சிவப்பு வெல்வெட் அங்கி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். நாங்கள் போட ஒப்புக்கொண்டிருந்த நாடகங்களில் இரண்டு ராஜாக்கள் ஒரே சீனில் வருவதில்லை.

சாமான் குறைந்தால் கவலை குறையும் என்பார்கள். எனக்குக் கூடியது. நிறைய இருந்தபோது ஒன்று கிழிந்தால் இன்னொன்று இருந்தது. இப்போது ஒரு பொத்தான் அறுந்தாலும் மாற்று இல்லை. பூட்டிய பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

2. சேந்தமங்கலத்தில்

சேந்தமங்கலத்தில் எங்களை அழைத்திருந்த பண்ணைக்காரர் சாயங்காலம் கொட்டகைக்கு வந்தார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுப் பொம்பளைங்க அந்த நாடிழந்த ராஜா கதைதான் வேணும்ங்கறாங்க. அதையே போட்டுருங்க."

"ஆகட்டுமுங்க" என்றுவிட்டார் முதலாளி.

அந்தக் கதையின் கடைசியில் காட்டிலிருந்து திரும்பும் ராஜாவும், நாட்டைப் பறித்த ராஜாவும் நேருக்கு நேர் நின்று சண்டை போட வேண்டும். அங்கியோ ஒன்று.

எதிரி ராஜா வேஷம் போடும் அங்கமுத்துவிடம் ஓடினேன். நல்ல தேகக்கட்டு அவருக்கு.

"அண்ணே, இன்னைக்கு மட்டும் வெறும் ஒடம்புல நகையப் போட்டுக்கிட்டு..."

"என்னைய ராஜாம்பாங்களா, பந்தியில சாம்பார் ஊத்தறவன்பாங்களா? போடா!"

நாடிழந்த ராஜாவாக வரும் ராஜபார்ட் மாரப்பண்ணனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எலும்பும் தோலுமான ஆள். அங்கிக்குள் பஞ்சு வைத்துத் தைத்துத்தான் அவரை ராஜாவாக்கி வைத்திருந்தோம். அரிதாரம் பூசிக்கொண்டிருந்தவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏஞ்சாமி, எழவு ஊட்டுக்குப் போனவனாட்டம் நிக்கற?"

சொன்னேன்.

"காட்டுல கெழங்கு தின்னுக்கிட்டுக் கெடந்தவனுக்கு எந்த டெய்லரு வெல்வெட்டுல தைச்சுக் குடுத்தான்? நாடு போற வரைக்கும் நான் போட்டுக்கறேன். அப்பறம் அங்கமுத்துக்குக் குடுத்துரு."

"சிரிச்சுப்போடுவாங்கண்ணே."

"சிரிச்சா உனக்கு வேலை போவும், எனக்கு மானம் போவும். பாக்கலாம் போ."

முதல் பாதி முடிந்து அவர் அங்கியைக் கழற்றியதும், நான் தையலைப் பிரித்துப் பஞ்சை உருவினேன். அவசரத்தில் கத்தரி விரலில் பட்டது. அங்கமுத்துவுக்கு அங்கி இறுக்கமாகத்தான் இருந்தது.

கடைசிச் சீனில் அழுக்கு வேட்டியோடு மாரப்பண்ணன் மேடையேறினார். கேஸ் லைட் வெளிச்சத்தில் விலா எலும்பெல்லாம் தெரிந்தது. எதிரே பளபளவென்று அங்கமுத்து. நான் படுதாக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, தொலைந்தேன் என்று கண்ணை மூடினேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அடப் பாவி! நாட்டைத்தான் புடுங்கினான்னா, அவரு போட்டிருந்த சட்டையவும் புடுங்கிப் போட்டுக்கிட்டு நிக்கறான் பாரு!"

கொட்டகையே அங்கமுத்துவைத் திட்ட ஆரம்பித்தது. ஒரு விவசாயி எழுந்து வந்து தன் தோள் துண்டை மேடை மேல் வைத்தார். "போத்திக்கிட்டு அடிங்க சாமி அவனை!" மாரப்பண்ணன் துண்டைக் கண்ணில் ஒற்றி, இடுப்பில் கட்டி, வாளை எடுத்தார். கூட்டம் மேடைக்கே ஏறிவிடுமோ என்று பயந்த அங்கமுத்து, வழக்கத்தைவிடச் சீக்கிரமே செத்து விழுந்தார்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன்.

"அந்தக் கதைக்கு இனி ரண்டாவது அங்கி தைக்க வேண்டாமப்பா" என்றார்.

இன்று நாடகக் குழு நடத்தும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எந்த வேஷத்துக்கு எது வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத்தான் நான் துணியைக் கழித்தேன். அது பாதி வேலைதான். பெட்டியைத் திறக்கும் முன் கதையைப் படியுங்கள். யாரிடம் எது இருக்கக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது.