பேசாமல் நடந்த நாள்

உங்க அக்கா பேசா நோன்பு வேண்டிக்கினு திருவண்ணாமலைக்கு நடக்கப் போறாளாமே லட்சுமி? வேணாம்னு சொல்லும்மா, நான் பட்டது போதும்.

அப்ப நம்ம மலையூருக்கு பஸ்ஸு ஏது? எம் பெரியவனுக்குக் காய்ச்சல் வுட்டா, கோயிலு வர்ற வரைக்கும் வாய் தொறக்காம நடந்து வர்றேன்னு வேண்டிக்கினேன். வுட்டுச்சு. தீபத்துக்கு நாத்தனாரோட பத்துப் பேரு கெளம்பனோம். மத்தியானத்துக்குள்ள காலு ரெண்டும் வீங்கிப் போயி, எல்லாருக்கும் பின்னால தங்கிப் பாறையில சாய்ஞ்சவ அப்படியே தூங்கிட்டேன். முழிச்சா ஒருத்தரையும் காணோம். கரடி சுத்துற காடு!

தூரத்துல நாத்தனா, "அண்ணீ, அண்ணீ"ன்னு கூப்புடறா. நான் வேண்டுதல நெனச்சு வாயப் பொத்திக்கினு, நோவுற கால இழுத்து இழுத்து கொரலு வந்த பக்கம் நடந்தேன். நடக்க நடக்க கொரலு தூரமாப் போவுது. பயத்துல, "இங்க இருக்கேன்டீ!"ன்னு கத்திட்டேன்.

ஓடியாந்து கட்டிக்கினா. "ஊரையே கூட்டுற வாயி, கரடிக் காட்டுலதானா பூட்டு போட்டுக்கணும்?"னு அழுதுக்கினே திட்டினா. சாமி கோச்சுக்கல, பெரியவனுக்கும் ஒண்ணும் ஆவல.

இப்பல்லாம் நான் மொட்டை மட்டும்தான் வேண்டிக்கறது. தலையில முடி இல்லன்னாலும் கூப்புட்ட கொரலுக்குப் பதில் சொல்லலாம் இல்ல?

ஐயய்யோ, காயவெச்ச சாமையில கோழி எறங்கிடுச்சு! இரு, தொரத்திட்டு வர்றேன்.