பத்து நிமிட அழைப்பு

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நான் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழே பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனி. தையல் மிஷின்களின் கண்ட்ரோல் பாக்ஸைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. மிஷின் நின்றால் கூப்பிடுவார்கள். போவேன், உள்ளே இருக்கும் போர்டைச் சரி செய்துவிட்டு வருவேன். என்னைத் தெரியும் என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்குத் தெரிந்தது என் நம்பர்தான்.

செல்போனை நாமே செய்து பார்க்கலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருப்பதை இணையத்தில் பார்த்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. போர்டின் வரைபடம், பாகங்களின் பட்டியல் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் போட்டிருந்தார்கள். பழகிப் பார்ப்பதற்கான போர்டு அது. திரை கிடையாது, எண் பொத்தான்கள் கிடையாது. கணினியில் கட்டளை தட்டினால் அழைப்பு போகும். உலகம் முழுக்கச் சேர்த்து ஏழு பேர். எட்டாவதாக நான் போய் ஒட்டிக்கொண்டேன்.

என் ஆங்கிலம் ஓட்டை ஆங்கிலம். அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஒரு கேள்வி கேட்டால் மூன்று பேர் பதில் எழுதினார்கள். எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னாலேயே அவர்கள் எழுதும் பக்கத்தைத் திறந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. புதிய போர்டில் முதல் மூன்றைக் கையால் பொருத்திச் சோதித்துத் தர ஆள் வேண்டும் என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். தேறினால் அடுத்த ஐம்பதையும் நானே செய்யலாம். தேறாவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போகும், நான் மறுபடியும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவர்களை விட்டால் எனக்குப் பேச ஆளில்லை.

முதல் இரண்டு போர்டுகளும் சிம் கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை. துளை போட்ட தகட்டை போர்டின் மேல் வைத்து, சால்டர் பேஸ்ட் என்னும் ஈயப் பசையைத் தடவி, தகட்டை எடுத்துவிட்டு, பாகங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக உட்கார வைத்து, சூடான தட்டில் ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்திருந்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சல். மேசையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஏதோ குளிர்நாட்டில் இருக்கும் ஒரு பெண், படத்தின் மூலையில் சிவப்பு வட்டம் போட்டு, இது என்ன துணி என்று கேட்டாள்.

பனியன் வேஸ்ட், கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துணி. ஒவ்வொரு போர்டுக்கும் முன்னால் தகட்டை அதால்தான் துடைத்தேன். இந்த ஊரில் எதைத்தான் அதால் துடைப்பதில்லை? வண்டி, மிஷின், டீ கொட்டிய மேசை, கை எல்லாவற்றுக்கும் அதுதான். சிம்மைப் படித்து சிக்னலைப் பிடிக்கும் பாகமான மோடத்தைச் சூடு காட்டிக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஈயத்துக்கு நடுவே கருகிய பஞ்சு இழைகள். இழை கிடந்த இடத்தில் ஈயம் பிடிக்கவில்லை. திருப்பூர்க்காரனைத் தவிர எவனும் செய்திருக்க மாட்டான் என்று எழுதினேன். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அறையில் என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

மூன்றாவது போர்டுக்குத் தகட்டைக் காகிதத்தால் துடைத்தேன். சிக்னல் கிடைத்தது. சோதனைப் பட்டியலில் ஒன்றுதான் பாக்கி. மோடம் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க, பத்து நிமிடம் விடாமல் ஒரு அழைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கீழே மிஷின் ஓடவில்லை. ஆறு வருடமாக என்னோடு டீ குடிக்கும் கட்டிங் மாஸ்டரின் நம்பரைத் தட்டினேன். புது நம்பர் என்பதால் மூன்றாவது முறைதான் எடுத்தார். யார் என்று சொன்னேன்.

"சொல்லுங்க, எந்த மிஷினுங்க?"

"மிஷின் இல்லீங்க. சும்மாதாங்க கூப்பிட்டேன்."

"சும்மாவா?" என்று இழுத்தார். "சரிங்க, வச்சரட்டுங்களா?"

முப்பத்தெட்டு நொடி. அவர் மேல் தப்பில்லை. இத்தனை வருடத்தில் மிஷினை விட்டு வேறெதையும் நானும் அவரிடம் பேசியதில்லை.

பத்து நிமிடம் பேசக்கூடிய ஆள் என்று யோசித்தால் அக்கா ஒருத்திதான். வெள்ளகோவிலில் இருக்கிறாள். போன மாதம் அவள் மகளுக்குக் காது குத்து நடந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அன்றைக்குக் காலையில் பார்த்து இந்த வெறும் போர்டுகள் பார்சலில் வந்தன. ஒன்றை மட்டும் லென்ஸில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அக்கா வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் ஒருவர் மடியில் குழந்தை காது சிவந்து அழுதுகொண்டிருந்தது. அக்கா திட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அவள் நம்பரைத் தட்டினேன். அழித்தேன். மறுபடியும் தட்டி அழித்தேன். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பிறகு செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொன்னது. அதிகாரிகள் அனைவரும் வேறு வாடிக்கையாளர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். பாட்டு ஓடியது. மோடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ கிளாஸ் அளவுக்குச் சூடு, அதற்கு மேல் ஏறவில்லை. பதினோராவது நிமிடம் ஒரு பெண் வந்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

பதினோரு நிமிடம் என்று அறிக்கையில் எழுதி அனுப்பினேன். ஏழு பேரும் வாழ்த்தினார்கள். ஐம்பது போர்டும் உனக்குத்தான் என்றார்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷமாகத்தான் இருந்தது. முதல் அழைப்பில் யாரிடம் இவ்வளவு நேரம் பேசினாய் என்று குளிர்நாட்டுப் பெண் கேட்டாள். அக்காவிடம் என்று எழுதினேன்.

அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு எழுதினாள்.

நன்றாக இருக்கிறாள் என்று பதில் போட்டேன். அவள் நன்றாக இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.