பாபு மாத்தின கடைசி ஃபாரம்

மைதா பசை காயற வாசனை... கூடவே காசிமேட்டுப் பக்கம் இருந்து வர்ற கருவாட்டு வாசனை. ரெண்டும் கலந்தா எனக்கு இன்னிக்கும் டோல்கேட் பைண்டிங் கடைதான் ஞாபகம் வரும்.

அங்க நாங்க நாலு பொம்பளைங்க. அச்சடிச்சு வர்ற பெரிய தாளுக்கு ஃபாரம்னு பேரு. அதை மடிச்சு, அடுக்கி, தைக்கணும்.

துறைமுகத்துல கிளார்க்கா இருந்த ஒரு பெங்காலிக்காரர் அவரு பாஷையில நாவல் எழுதி, அவரே பதிப்பிச்சு, எங்ககிட்ட பைண்ட் பண்ணி ஹவுரா ரயில்ல அனுப்புவாரு. தாதான்னு கூப்பிடச் சொன்னாரு, அவங்க பாஷையில அண்ணன்னு அர்த்தமாம். எங்க ஏரியால அப்படிக் கூப்பிட்டா போலீஸ் வந்துடும்னு பாபுன்னு வச்சுக்கிட்டோம்.

புக்கை மொதல்ல தொடறவங்களுக்குத்தான் மொதல்ல கதை தெரியணும்பாரு. நாங்க மடிக்க மடிக்க, அந்தந்த ஃபாரத்துல வர்ற கதையை ஓட்டைத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வருவாரு.

அந்தத் தடவை, மீன்பிடி லாஞ்சுல போன புருஷனைக் கடல்ல பறிகொடுத்த ஒரு பொண்ணோட கதை. என் வீட்டுக்காரரும் அந்த வருஷம்தான் அப்படிப் போனாரு, என்னையும் கைக்குழந்தையையும் விட்டுட்டு. பாபுவுக்கு அது தெரியாது.

கடைசி ஃபாரம் வந்துச்சு. அவளும் கடல்ல எறங்கிடறான்னாரு.

என் கை நின்னுடுச்சு. வீட்டுல எல்லாரும் என் கதையும் முடிஞ்சிட்ட மாதிரியே பார்த்துக்கிட்டிருந்த நேரம் அது... எனக்கே அப்படித்தான் தோணிக்கிட்டு இருந்துச்சு.

"இன்னா பாபு, புருசன் பூட்டான்னா அவளும் சாவணுமா? நான் உசுரோட தான கீறேன்?"

மத்த மூணு பேரும் அந்த ஃபாரத்தைத் தொடவே இல்ல. ரயிலுக்கு அனுப்பணும்னு ஓனர் கத்தினாரு. பாபுதான் கடைசி ஃபாரம் அத்தனையும் அள்ளிக் கட்டி எடுத்துட்டுப் போனாரு.

ஒரு வாரம் கழிச்சு புதுசா அச்சடிச்சுக் கொண்டாந்தாரு. பதிப்பாளரும் அவரேதானே, யாரைக் கேக்கணும்?

"அவ சாகல. மடிம்மா."

அப்புறம் இன்னா பண்ணான்னு கேட்டேன். புக்ல கீதுன்னு சிரிச்சாரு. எங்க பாஷையை நல்லாவே புடிச்சிருந்தாரு மனுஷன். ஒரு காப்பியை என் கையில குடுத்தாரு. கொஞ்ச நாள்ல ரிட்டயர் ஆகி ஊருக்குப் போயிட்டாரு.

எனக்குப் படிக்கத் தெரியாத அந்த பெங்காலிப் புக்கு இத்தனை வருஷமும் பீரோல இருந்துச்சு. நான் வேலைக்குப் போனேன், பொண்ணை வளர்த்தேன், படிக்க வச்சேன்...

அப்பல்லாம் எங்களுக்குப் படிச்சுச் சொல்ல பாபு ஒருத்தர்தான். இப்ப போனே எல்லா பாஷையும் படிக்குது. போன வாரம் என் பொண்ணு கடைசிப் பக்கத்துல கேமராவைக் காட்டினா. கதைல வர்ற அந்தப் பொண்ணு காகிதம் மடிக்கிற வேலைக்குப் போறாளாம். உனக்கு இனிமே என்ன இருக்குன்னு யாரோ கேக்கறாங்களாம். அதுக்கு அவ சொல்றதுதான் கடைசி வரி. போனே சத்தமா படிச்சுது.

"நான் உயிரோடுதானே இருக்கிறேன்."

என் பொண்ணுக்கு ஒண்ணும் புரியல. நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன்.

எங்க இருக்கீங்களோ பாபு... ரொம்ப நன்றி. இன்னும் உசுரோடதான் கீறேன்.