பேரிங்குக்கு வைத்த பொட்டு

என் கிறுக்கலோடு வாராவாரம் மல்லுக்கட்டும் அச்சக நண்பர்களே, இந்த வாரம் கூடுதலாக மன்னியுங்கள். பிழைகளுக்கு என் ஐந்தாம் வகுப்பு காரணம். கோணல் எழுத்துக்கு வலது கைக் கொப்புளம் காரணம்... இது இடது கையால் எழுதியது.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் நான் வேலை பார்க்கும் ரைஸ்மில்லில், மெஷின் தண்டு சுழலும் பேரிங் சூடாகிறதா என்று விரல் வைத்துத்தான் பார்ப்போம். தோல் உரியும். வேறு வழி?

வழி வந்தது. சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண் வந்தார். பேரிங் மூடியில் மைபோல ஏதோ கறுப்பாகப் பூசினார். இரண்டு ஒயர் இழுத்துச் சுவரில் மீட்டர் மாட்டினார். நானோ துகளாம் — தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு சன்னம். சூடு ஏறினால் பூச்சில் கரண்ட் ஓடுவது மாறும். மீட்டர் டிகிரி காட்டும்.

"இனிமே கைய வெக்காதீங்கண்ணா."

கண் கலங்கிவிட்டது எனக்கு.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

மறுநாள் ஸ்விட்ச் போட்டால் மீட்டரில் வெறும் கோடு. பேரிங்கோ பளபளக்கிறது!

"அம்மா, இங்க கறுப்பா ஒண்ணு இருந்துச்சே?" முதலாளியம்மாவைக் கேட்டேன்.

"அந்தக் கரியா? மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சேன். சாமி கும்பிடற மெஷின இப்படியாப்பா வெச்சிருப்ப?"

"ஒயர் இருந்துச்சேம்மா..."

"தொங்கிட்டிருந்துச்சு. சுருட்டி வெச்சிட்டேன்."

சூடு பார்க்கும் பூச்சு அது என்றேன்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? கொழுக்கட்டயா வெச்சிருக்க?"

வெளியே நெல் மூட்டைகளோடு வண்டிகள் நிற்கின்றன. மில்லை நிறுத்த முடியுமா? விரலை வைத்தேன். அதுதான் இந்தக் கொப்புளம்.

நான் போன் போட, அந்தப் பெண் மறுபடி வந்து பூசி ஒயர் மாட்டினார். "யாரும் தேய்க்கக் கூடாதும்மா" என்று முதலாளியம்மாவிடம் கெஞ்சினார்.

"நான் ஏன் கண்ணு தேய்க்கப் போறேன்?"

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலையில் பூச்சு பத்திரமாக இருந்தது. அதன் நட்டநடுவில்... ஈரச் சந்தனம், குங்குமம்! மீட்டர் பேயாட்டம் ஆடுகிறது.

"புதுசா பூசினதுக்குத் திருஷ்டி படாதா? அண்ணாமலையார் கோயில் குங்குமம்பா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நானே வெச்சிடறேன்."

பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். மீட்டர் அடங்கியது. முடியைவிடச் சன்னமாகத் துகள் செய்யத் தெரிந்தவர்களுக்கு, பொட்டு ஒட்டாத பூச்சு ஒன்று செய்யத் தெரியாதா?

எழுதி முடித்தது, ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம், வியாழக்கிழமை.

நாளை வெள்ளி.