ஐஸ்பெட்டி அக்காவும் அந்த வலி மாத்திரையும்

இன்னிக்கு ஐஸ்பெட்டி அக்காவைப் பார்த்தேங்க! ரத்த டெஸ்ட் ரிசல்ட் வாங்கப் போன இடத்துல சும்மா பேச்சு கொடுத்தேன். கிளம்பவே மனசு வரல.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்துல வேலை. கரு கலைஞ்ச பெண்களுக்குக் கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணும்போது, அவங்க சம்மதிச்சா உள்சவ்வுல துளி எடுப்பாங்க. அதை ஐஸ்பெட்டில வாங்கிட்டு அக்கா ஓடணும். புருஷனே போன்ல "ஐஸ்பெட்டி இருக்காங்களா?"ன்னுதான் கேப்பாராம்.

எதுக்கு ஓட்டம்னா, புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு, ஹார்மோனுக்குப் பங்காளி மாதிரி. ஹார்மோன் ரத்தத்துல ஏறி உடம்பெல்லாம் சுத்தும். இது பொறந்த இடத்துலயே வேலையை முடிச்சிடும். கரு வந்து ஒட்டுறதுக்குச் சவ்வு இதைச் சுரக்கணும். ஆனா சதையை வெட்டி எடுத்தாலும் கன்னாபின்னான்னு சுரக்குமாம். உடனே உறைய வைக்கலைன்னா டெஸ்ட்டே பொய்யாயிடும்.

ரொம்ப வருஷம் கழிச்சு அக்காவுக்கே கரு தங்குச்சு. அது தெரியாமலே இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டுட்டிருந்தாங்க. அந்த மாத்திரை அடக்குறதே இந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான். கரு நிக்கல. மாத்திரைதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது, டெஸ்ட் பண்ணாலும் முழுசா தெரியாதுன்னு டாக்டரம்மா எவ்வளவோ சொன்னாங்க.

"பாதி பதிலாவது கிடைக்கட்டும். என் தப்பான்னு எனக்குத் தெரியணும்"னு அக்கா ஒரே பிடி.

அக்காவுக்கே சுத்தம் பண்ண அன்னிக்குப் பெட்டியோட வந்தது கூட வேலை செய்யற பொண்ணு. அரை மயக்கத்துல அக்கா அவ கையைப் பிடிச்சுட்டு அழுதிருக்காங்க. அவ நகரல. சவ்வு மேஜையிலயே கிடந்து வீணாப்போச்சு.

தெளிஞ்சதும் அக்கா கேட்டது, "உறைய வெச்சியா?"

"இல்லக்கா. நீங்க கையை விடல."

"உதறிட்டு ஓடியிருக்கணும்டி."

"மத்தவங்ககிட்ட இருந்தெல்லாம் ஓடிட்டோம்க்கா. உங்ககிட்ட முடியல."

ஒரு மாசம் அவகூட பேசலையாம். அப்புறம் ஒருநாள் பெட்டியை ஆராய்ச்சிக்கூடத்துல சேர்த்துட்டு, அக்காவே திரும்பி வந்து கரு கலைஞ்சு கட்டில்ல படுத்திருந்த பெண் பக்கத்துல உக்காந்திருக்காங்க. இப்பவும் அப்படித்தான். பதில் மட்டும் இன்னும் இல்ல. "சில நாள் நான்தான் காரணம்னு தோணும். சில நாள் தோணாது, அன்னிக்கு நல்லா சாப்பிடுவேன்"னாங்க.

உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல கரு கலைஞ்ச யாராவது இருந்தா தயவுசெஞ்சு போய்ப் பாருங்க. என்ன சாப்பிட்ட, எதைத் தூக்கினன்னு மட்டும் கேக்காதீங்க. போக முடியலைன்னா, போகக்கூடியவங்களுக்கு இதை அனுப்புங்க.