மலேயாவைப் பற்றி எட்டுப் பக்கம்

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் எம்.ஏ. வரலாறு படித்த இரண்டு வருஷமும் எனக்கு ஒருத்தியைக் கண்டாலே ஆகாது. வால்பாறையில் தேயிலை பறிக்கும் அம்மாவுக்குப் பிறந்தவள், என்னைவிட நன்றாகப் படித்தாள். அவிநாசிப் பக்கம் தோட்டமும் விசைத்தறியும் உள்ள வீட்டுப் பெண்ணான எனக்கு அது பொறுக்கவில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

தென்கிழக்கு ஆசியா எங்களுக்கு விருப்பப் பாடம். வெள்ளைக்காரன் காலம், விடுதலை, அதற்குப் பிந்தைய பொருளாதாரம் என்று எல்லாவற்றுக்கும் நூலகத்தில் இருந்தது ஒரே புத்தகம். அதை என் பேரில் எடுத்து, தேதி முடிய முடியப் புதுப்பித்து, வருஷம் முழுக்க வீட்டிலேயே வைத்திருந்தேன். நானும் பெரிதாகப் படிக்கவில்லை. அவள் படிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"ஏனுங்க, ரெண்டு நாளைக்குக் குடுத்தீங்கன்னா நோட்ஸ் எடுத்துட்டுத் தந்துபோடறனுங்க" என்று ஒரு தடவை கேட்டாள்.

"ஊட்டுல எங்கயோ கெடக்குதுங்க, தேடிப் பாக்கறனுங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் முடியாது என்பதைக்கூட மரியாதையாகத்தான் சொல்வோம்.

செமினாரில் அவளுக்கு வந்த தலைப்பு மலேயா ரப்பர் தோட்டங்கள். புத்தகம் இல்லாமல் என்ன செய்வாள்? தனக்குத் தெரிந்ததைப் பேசினாள். எஸ்டேட் வேலையில் பேர் இருக்கும்வரைதான் கம்பெனி கொடுத்த லைன் வீடு. அம்மாவுக்கு முடியாமல் போனால் பிள்ளை அந்த வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டிபானையோடு வெளியேற வேண்டும். அதனால் அங்கே பிறந்தவர்கள் அங்கேயே கிடக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு போனாள். பேராசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனம்மணி, நான் மலேயாவுக்குத்தான போகச் சொன்னனுங்க? நீங்க வால்பாறை பஸ்ல ஏறிப்போட்டீங்களே."

வகுப்பே சிரித்தது. சிரிப்பைக் கடைசியாக நிறுத்தியது நான்தான்.

அவரிடம் எம்.ஃபில். செய்ய வருஷத்துக்கு ஒரே இடம். அந்த வருஷம் அது எனக்குக் கிடைத்தது. அவள் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. வீட்டைக் காப்பாற்ற அவள் பேர் கொடுத்து, தேயிலை பறிக்கப் போனாள்.

என் ஆய்வுத் தலைப்பு மலேயாத் தோட்டத் தொழிலாளர். முதல் அத்தியாயத்துக்கு மேல் நகரவில்லை. வெட்கத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு அவளுக்கே கடிதம் போட்டேன். லைன் வீடு, காலையில் பேர் கூப்பிடுவது, பிரசவம், சாவு எல்லாம் விவரமாக வேண்டும் என்று கேட்டேன். எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினாள். ஊர்ப் பேரை மட்டும் மாற்றி, அடிக்குறிப்பில் அந்த நூலகப் புத்தகத்தை ஆதாரமாகப் போட்டுவிட்டேன். செமினாரில் பேராசிரியர் கேலி செய்து நிறுத்திய அதே விஷயம்தான்.

"நேர்ல போய்ப் பாத்தாப்பல இருக்குதுங்க அம்மணி" என்றார் பேராசிரியர்.

கடிதத்தின் முடிவில் அவள் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். தம்பிக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, இனி அவன் பேர் கொடுத்துவிடுவான், தான் படிக்க வந்துவிடலாம். அடுத்த வருஷ எம்.ஃபில். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எது என்று விசாரித்து எழுத முடியுமா? தேதி துறை வாசலிலேயே ஒட்டியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். அவள் வந்து என் ஆய்வில் ஒரு பக்கத்தைப் புரட்டினால் போதும், என் கதை முடிந்தது. பயந்தேன். பதில் போடவில்லை.

ஒரு மாதம் கழித்து இன்னொரு தடித்த உறை வந்தது. முதல் கடிதம் தபாலில் தொலைந்துவிட்டதென்று நினைத்து, பறிப்பு முடிந்து வந்த கையோடு எட்டுப் பக்கத்தையும் உட்கார்ந்து திரும்ப எழுதியிருந்தாள். என் படிப்பு தன்னால் நின்றுவிடக் கூடாதாம். தேதியை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதுமாம். கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

இரண்டாவது கடிதத்தில், முதலில் இல்லாத விவரங்கள் சில இருந்தன. அவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.