பல்லாவரம் என்ற இயந்திரம்

எங்கள் டீமில் சர்வர்களுக்கு மின்சார ரயில் நிலையங்களின் பெயரைத்தான் வைப்போம். யார் தொடங்கி வைத்த வழக்கமோ தெரியாது. கிண்டியில் இருந்த அந்த அலுவலகத்தில் நான் சேர்ந்தபோதே வண்டலூர் இருந்தது, பெருங்களத்தூர் இருந்தது, சானடோரியம் வாரத்துக்கு ஒருமுறை படுத்துக்கொண்டும் இருந்தது. ஒரு இயந்திரம் விழுந்தால் அதன் வேலையை அடுத்த ஸ்டேஷன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விதி. குரோம்பேட்டை விழுந்தால் பல்லாவரம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. தாம்பரம் லைனில் தினமும் இடிபடுகிறவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை சொல்வார்கள்.

ஆனால் கணினி உலகத்தில் பெயரை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் பாப்பா, ரேஷன் கார்டில் வேறொன்று என்று இருப்பதுபோல ஒரே இயந்திரத்துக்கு நாலு பெயர் இருக்கும். அதனால் கருப்புத் திரையில் ஒரு கட்டளை அடிப்போம். பெயரைக் கொடுத்தால் அது எந்த இயந்திரத்தைக் காட்டுகிறதோ அதன் எண் முகவரியைச் சொல்லும். இரண்டு பெயர் என்றால் இரண்டு முறை அடித்து, எண்களைக் கண்ணால் ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலை. அதை ஒழிக்கத்தான் என் டீமில் இருந்த ஒரு பையன் கணினியில் ஓடும் ஒரு சின்னக் கருவி எழுதினான். இரண்டு பெயர்களையும் ஒன்றாகக் கொடுத்தால் போதும், தானே தேடிப்போய் ஒரே இயந்திரமா, வேறு வேறா என்று ஒரு வரியில் சொல்லிவிடும். எல்லார் முன்னாலும் அவனைப் பாராட்டினேன். பழைய கட்டளையை அன்றோடு மறந்தேன்.

அவன் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஒரு மழையில் சிட்லபாக்கம் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். என் கணவர் அவனை "உன் தம்பி" என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன், மக்கு.

ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் ஒரு கிளையண்ட் எங்களுக்கு இருந்தார்கள். தாம்பரம் முதல் படப்பை வரை அவர்களுடைய எல்லாக் கிளைகளின் ரிசல்ட்டும் குரோம்பேட்டை வழியாகத்தான் போகும். அது விழுந்தால் தாங்க இன்னொரு இயந்திரம் தயாரா என்று, பொறுப்பேற்கும் ஆளின் பெயரோடு, வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னார்கள். "நீங்க செக் பண்ணிட்டேன்னு சொன்னா போதும் மேடம்" என்றார் மேனேஜர். அலுவலகத்தில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். அதை நான் பட்டம்போலத்தான் வைத்திருந்தேன். அந்த ஒரு பெயரைத் தவிர அங்கே எனக்கு வேறு சொத்து கிடையாது.

பல்லாவரத்தை அமைக்கும் வேலையை அவனிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் வந்து, "பல்லாவரம் ரெடிக்கா. ஓட்டிப் பாருங்க" என்றான். ஓடிக்கொண்டிருக்கும் குரோம்பேட்டையை நிறுத்திச் சோதிக்க கிளையண்ட் விடவில்லை. அதனால் இரண்டு பெயர்களையும் அவன் கருவியில் கொடுத்தேன். 'வேறு வேறு' என்று வந்தது. இரண்டும் தனித்தனி இயந்திரங்கள், நானே பார்த்தேன் என்று மெயில் அனுப்பினேன்.

அடுத்த மாதம் ஒரு காலை நேரத்தில் குரோம்பேட்டை விழுந்தது. பல்லாவரம் எழுந்திருக்கவில்லை. சாப்பிடாமல் வந்து ரத்தம் கொடுத்தவர்கள் ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருக்க, கூடங்களிலிருந்து போன் மேல் போன். அந்தப் பதற்றத்தில் என் கை தானாகப் பழைய கட்டளையை அடித்தது. குரோம்பேட்டைக்கு ஒரு எண் வந்தது. பல்லாவரத்துக்கும் அதே எண், இரண்டும் ஒரே இயந்திரம். ஒரே வீட்டு வாசலில் இரண்டு காலிங் பெல் வைத்திருக்கிறான்! அவன் கருவியில் மறுபடி கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் 'வேறு வேறு' என்றது.

அந்தக் கருவியைத் திறந்து படித்தேன். நடுவில் ஒரு வரி. இந்த இரண்டு பெயர்களும் சேர்ந்து வந்தால் தேடிப் போகாதே, வேறு வேறு என்று சொல். இந்த இரண்டுக்கு மட்டும். கைதவறி யாரும் அப்படி ஒரு வரி எழுத முடியாது.

மாலை மீட்டிங்கில் யார் சரிபார்த்தது என்று கேட்டார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து, "அக்காதான் செக் பண்ணாங்க சார். மெயில் இருக்கு" என்றான். பொய் இல்லையே, மெயில் இருந்ததே. நான் லேப்டாப்பைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். மேனேஜர் அதைப் படித்தார். "இது உங்க டீம் உள்விவகாரம் மேடம். கிளையண்ட் கேக்கறது பொறுப்பேத்த ஆளை" என்றார். என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உடைந்ததை அன்றே சரிசெய்ததற்காக அவனுக்குப் பாராட்டு மெயில் போனது. எங்கே உடைந்திருக்கிறது என்று அவனுக்குத்தானே தெரியும்!

மாடிப்படியில் அவனை நிறுத்தினேன்.

"ஏன்டா இப்படிப் பண்ணே?"

"புது மெஷின் ஸ்டார்ட்டே ஆகலக்கா. வெள்ளிக்கிழமை முடியணும்னு மேல ப்ரஷர். ஒரு வாரத்துல மாத்திடலாம்னு இருந்தேன், வேலையில மறந்துட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீங்க மெயில் போட்டிருக்க மாட்டீங்க."

"வேற யாராவது செக் பண்ணியிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பியேடா."

"ஆமாக்கா, வேற யாரா இருந்தாலும் கையால ஒரு தடவை அடிச்சுப் பார்த்திருப்பாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க என்னைச் செக் பண்ண மாட்டீங்க."

இதை அவன் பாசத்தோடுதான் சொன்னான்.